எதிர்க்கரைத் தவளை

இந்த மண்ணுக்கே உரிய தவளை ஒன்றாவது இருப்பது தெரியாவிட்டால் குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள். அதனால்தான் ஆய்வு மைய இயக்குநர் அன்று மாலை புத்தம்புது ரப்பர் பூட்ஸோடு தாமே கரைக்கு எழுந்தருளியிருந்தார். ஆண் தவளையின் பழைய பதிவொன்றைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டார். எதிர்க்கரை நாணலிலிருந்து உடனே பதில் வந்தது.

"கேட்டியாம்மா? நான் வந்ததும் எப்படிப் பேசுது பாரு!"

மையத்தின் இளம் ஆராய்ச்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தவளையைத் தேடி இந்தக் குளத்தையே சுற்றிச்சுற்றி வந்தவள் அவள்.

அதற்குள், எதிர்க்கரையில் தேடப் போயிருந்த இயக்குநரின் மைத்துனர் நாணலுக்குள்ளிருந்து கத்தினார்: "அத்தான், என் போனுக்கும் ஒண்ணு பதில் சொல்லுது!"

அவள் இயக்குநரின் செல்பேசியைச் சுட்டினாள். "சார், அவரும் அதே பதிவைத்தான் போடுறாரு. ரெண்டு போனும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குது."

இரண்டையும் அணைத்தார்கள். வெகுநேரம் காத்திருந்தும் கொசுக்கள் மட்டுமே பாடின.

இயக்குநரின் முகம் தொங்கிப்போனது. "உண்மையச் சொன்னா நாளைக்கே மண்ணு லாரி வந்து நிக்கும். ரெண்டு தவளைன்னு சொல்லிரட்டுமா?"

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"ரெண்டுன்னா அதிசயம்னு பாக்கத் தேடி வருவாங்க சார். ஒண்ணு போதும்."