சாம்பல் சரிவில் இரண்டு கோடுகள்

டோர்ஃபி கொட்டகைக்குள் மண் வாரும் பல்லுவைத்த வாருகோலைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி தாக்னி காபிக் கோப்பையோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். கொட்டகை முழுக்க அவனுடைய பிக்கப் வண்டியின் மிச்சங்கள்தான். கழற்றிப் போட்ட பழைய சின்ன டயர்கள் நான்கு, சக்கரத்துக்கு மேலே வெட்டி எடுத்த தகரத் துண்டுகள், விளக்குகள் வந்த அட்டைப்பெட்டிகள், வயர்ச் சுருள்கள்.

"வண்டிக்கு இத்தனை வாங்கினியே, வீட்டுக்கு ஒரு வாருகோல் வாங்கினியா?" என்றாள்.

"பழசு ஒண்ணு இருந்துச்சு. ஹால்பேரா செய்தி அனுப்பியிருக்கா. மதியம் எல்லாரும் வாருகோலோட சாம்பல் சரிவுக்கு வரணுமாம்."

"அந்தப் பாசியைக் கிழிச்சுட்டுப் போனானே, அதுக்கா? கண்ணு அவிஞ்சு போனவன். என் கையில கிடைச்சா நானே நாலு வைப்பேன்."

டோர்ஃபி தலையை டயர்களுக்குப் பின்னால் விட்டுத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். வாருகோல் அவன் கைக்கெதிரேதான் சுவரில் மாட்டியிருந்தது. அவள் உள்ளே போகும்வரை அவன் அதை எடுக்கவில்லை. கண் அவிந்து போனவன் அவன்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் ஆறு வாரச் சம்பாத்தியத்தை டயரில் கொட்டுவானா என்று கேட்டால், கொட்டுவான். மானம் போனால் எதையும் கொட்டுவான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் கணவாய்ச் சாலையில் அவன் வண்டி பனியில் புதைந்தது. ஹால்பேராவின் மீட்புக் குழு வந்து இழுத்தது. அது பெரிய விஷயமில்லை, ஐஸ்லாந்தில் யார் வண்டிதான் புதையவில்லை? ஆனால் அந்த வருடத்து நடுக்குளிர் விருந்தில், ஊர்க்காரர்களின் அசட்டுத்தனங்களை மேடையில் நடித்துக் காட்டும் வழக்கப்படி, அவனையும் நடித்துவிட்டார்கள். குழந்தைகள் தள்ளும் வண்டியில் ஒருத்தனை உட்காரவைத்து, "அம்மா, பனி! அம்மா, பனி!" என்று கத்தவிட்டார்கள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டோர்ஃபியும் சிரித்தான். தாக்னிதான் அதிகம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதனால்தான் முப்பத்தெட்டு அங்குல டயர். பள்ளிக்கூட நண்பன் ஓர்முரின் பட்டறையில் சாயங்காலம் சாயங்காலமாக வேலை நடந்தது. சக்கரக் குழிகளை வெட்டி அகலமாக்கி, வண்டியை உயர்த்தி, கியரை மாற்றி, பெருத்த டயருக்கேற்ப வேக மீட்டரைத் திருத்தினார்கள். கூரையில் நான்கு வட்ட விளக்குகள் ஏறின. பனிக்கட்டியில் பிடிப்பு வேண்டுமென்று ஓர்முர் டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் சூடான கத்தியால் மும்மூன்று கீறல் போட்டான். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த கீறல். அது அவன் கைவாகு, வேறு பட்டறையில் அப்படி வராது; ஊரில் வேறு வண்டிக்கு அவன் அதைப் போட்டதும் இல்லை.

வண்டி கைக்கு வந்த இரண்டாம் ஞாயிறு டோர்ஃபி தனியாக மேலே போனான். பாதை முடிகிற இடத்தில், கணுக்கால் புதையும் சாம்பல்நிறப் பாசி போர்த்திய சாம்பல் சரிவு மெத்தைபோல் எழுந்து நின்றது. ஈ காக்கை இல்லை. ஏறுமா என்று பார்க்கும் ஆசை வந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு காரணம் கற்பிக்க அவனே எத்தனையோ முறை முயன்று தோற்றான். பாசியில் சக்கரம் படக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? நடக்கப் பழகும்போதே கற்றது அது, அங்கே சட்டமும் அதுதான். ஆனால் டயரில் காற்றை இறக்கிவிட்டால் வண்டி பனிமேல் புதையாமல் மிதந்து போகும், இது அந்த ஊர்ப் புத்தி. பனிக்குச் சரியானது பாசிக்கும் சரி என்று அந்தப் புத்தி சொன்னது. காற்றை இறக்கினான். ஏறினான். இரண்டே நிமிடம், தலைகால் புரியாத சந்தோஷம். உச்சியில் திரும்பி, வந்த தடத்திலேயே இறங்கும்போதுதான் பார்த்தான். மழையில் ஊறியிருந்த பாசி தோல் உரிந்ததுபோல் உரிந்து, கறுப்பு மண் இரண்டு கோடாகத் தெரிந்தது. ஒரு மனித ஆயுளுக்கு ஆறாத காயம்.

மதியம் சரிவடியில் ஒன்பது பேர் கூடினார்கள். நிலம் ஹால்பேராவுடையது. அறுபது வயது, செம்மறி வளர்ப்பவள், மீட்புக் குழுவின் தலைவியும் அவளே. மண்டியிட்டு, அமுங்கின பாசியை விரலால் எப்படித் தூக்கிவிட வேண்டும், பிய்ந்த துண்டுகளை எப்படிப் பொருத்த வேண்டும், மண்ணை எப்படி வார வேண்டும் என்று காட்டினாள். கோபமே படவில்லை. கைக்குழந்தைக்குத் துணி மாற்றுகிறவள்போல் செய்தாள். அவள் திட்டியிருந்தால் டோர்ஃபிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"போலீஸ் விட்டோல்ட்டை விசாரிச்சிருக்காங்க," என்றாள் அவனிடம், தாழ்ந்த குரலில். "ஊர்ல இந்த அகலத்துக்கு டயர் போட்ட வண்டி மூணுதானே. குழு வண்டி, உன்னுது, அவனுது."

"என்னை யாரும் கேக்கலையே."

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ இந்த மண்ணுல பொறந்தவன்."

விட்டோல்ட் மீன் ஆலையில் வேலை செய்யும் போலந்துக்காரன். பத்து வருடமாக ஊரில் இருக்கிறான். வாருகோலோடு அவனும் வந்திருந்தான். வண்டியை வெகு கீழே, தூரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அவன் வேலை செய்த இடத்தைச் சுற்றி நாலு எட்டு தூரம் காலியாகவே இருந்தது. யாரும் திட்டவில்லை, முறைக்கவில்லை, கேலிகூடச் செய்யவில்லை. பத்து வருடத்தில் ஒரு நடுக்குளிர் விருந்திலும் விட்டோல்ட்டை யாரும் நடித்துக் காட்டியதில்லை என்பது டோர்ஃபிக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே கேலிக்கு ஆளாவதற்கும் ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.

பாதையும் பாசியும் சேரும் இடத்தில், சேற்றில், ஒரு சாண் நீளத்துக்கு டயர் அச்சு அப்படியே காய்ந்து கிடந்தது. ஓர்முர் அதன்மேல் குனிந்தான். இடதுபக்கம் சாய்ந்த மும்மூன்று கீறல்களை விரலால் தடவினான். பிறகு டோர்ஃபியை ஒரு பார்வை பார்த்தான். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பூட்ஸ் காலால் அந்தச் சேற்றை நிதானமாகத் தேய்த்து அழித்தான்.

"என்னடா பண்ற?" டோர்ஃபியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"வாயை மூடிட்டு வாருடா, கழுதை," என்றான் ஓர்முர் பல்லிடுக்கில். "இன்னும் ரெண்டு வாரத்துல பனி விழுந்துடும். எல்லாரும் மறந்துடுவாங்க."

நண்பன் செய்த உதவி அது. அவன் அழித்தது, விட்டோல்ட் செய்யவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை. டோர்ஃபி தடுக்கவில்லை. அதைவிடக் கேவலம், அடியில் எங்கோ ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவன் கூனிக் குறுகிப்போனான்.

காபி நேரத்தில் எல்லோரும் புகையூட்டிய ஆட்டிறைச்சி வைத்த தட்டையான ரொட்டியைப் பிரித்துக்கொண்டு கும்பலாக உட்கார்ந்தார்கள். விட்டோல்ட் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்து சொந்த டப்பாவைத் திறந்தான். டோர்ஃபி ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனான். கொடுத்தான். அவன் வாங்கிக்கொண்டு டோர்ஃபியின் கைகளைப் பார்த்தான்.

"உன் கையுறை கிழிஞ்சிருக்கு. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, போட்டுக்கோ."

"பரவால்ல, வேணாம்."

"போட்டுக்கோப்பா. தண்ணி ஏறினா விரல் விறைச்சுடும்." அவனே எடுத்து நீட்டினான். பிறகு ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "நான் பண்ணல டோர்ஃபி. என் பொண்ணு பள்ளிக்கூடத்துலயும் கேக்கறாங்களாம். நீயாவது நம்புவியா?"

"நம்பறேன்," என்றான் டோர்ஃபி.

அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அதைச் சொன்னதுக்கு விட்டோல்ட் கண்ணில் நன்றி வந்ததைப் பார்த்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மிச்சத்தையும் சொல்ல வாய் திறந்தான். சொல் தொண்டைவரை வந்து, மேடையில் அந்தத் தள்ளுவண்டி உருண்டு வருவது தெரிந்து, திரும்ப உள்ளே போய்விட்டது. வாருகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். கையுறை கதகதப்பாக இருந்தது.

அக்டோபர் வெளிச்சம் சீக்கிரமே சாயத் தொடங்கியது. இன்னும் மேல்பாதி மிச்சம். ஹால்பேரா முதுகை நிமிர்த்திச் சரிவைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடைச்சா முடிச்சுடலாம். டோர்ஃபி! கூரையில கலங்கரை விளக்கமே வச்சிருக்கியே, கொண்டு வந்து போடேன். எதுக்காவது உதவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். விட்டோல்ட்டும் சிரித்தான். ஓர்முர் மட்டும் சிரிக்கவில்லை. "அங்க ஓரமா, மேட்டுல நிறுத்து," என்று அவசரமாகச் சொன்னான். "சாய்வா அடிச்சாத்தான் நல்லாத் தெரியும்."

டோர்ஃபி வண்டியில் ஏறினான். ஓரமாக நிறுத்தலாம். அங்கிருந்தும் வெளிச்சம் போதும். நிறுத்திவிட்டு, வாரிவிட்டு, வீட்டுக்குப் போய், தாக்னி சுட்டுவைத்த மீனைச் சாப்பிடலாம். பனி விழும். அவன் மேட்டைக் கடந்தான். பாதை முடிகிற இடம்வரை ஊர்ந்து போய், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று திருப்பி, முன்சக்கரம் இரண்டும் கோடு தொடங்கும் இடத்துக்கு நேராக வரும்வரை நகர்த்தினான். ஓர்முர் கையை ஆட்டி வேண்டாம் என்பது முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பாசியைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது பிரேக்கை மிதித்தான். வாயால் முடியாதது கையால் முடிந்தது.

விளக்குகளைப் போட்டான்.

சரிவு முழுதும் வெள்ளையானது. வண்டியின் மூக்குக்குக் கீழிருந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக, அதே அகலத்தில், அதே இடைவெளியில், இரண்டு கறுப்புக் கோடுகள் நேராக உச்சிக்கு ஏறிப்போயின. அவன் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றான். அவன் நிழல் நீண்டு சரிவில் விழுந்தது. வாருகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மண்டியிட்டிருந்த ஹால்பேரா எழுந்திருக்கவில்லை, கோட்டைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள். எல்லோருக்கும் மேலே நின்றிருந்த விட்டோல்ட் கண் கூச, ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு முன்னால் நிற்பது யார் என்று பார்த்தபடி, கோட்டின் வழியாக ஒவ்வொரு அடியாக இறங்கி வரத் தொடங்கினான்.