அறுபது கீபோர்டுகள்

மூன்றாவது வரிசைக் கடைசி மேசையிலிருந்து அந்த மாதத்தின் ஐந்தாவது புகார் வந்தபோது மதியம் மூன்று மணி. 'எழுத்து விழவில்லை' என்று இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. பிரஷ்ஷையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன்.

அறுபது பெண்கள் உட்கார்ந்து, கையால் நிரப்பிய படிவங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் கூடம் அது. யார் எத்தனை எழுத்து தட்டினார்கள் என்று கணினியே எண்ணிக்கொண்டிருக்கும். கை நின்றால் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். கீபோர்டு பழுது என்று புகார் கொடுத்தால் மட்டும், நான் வந்து சரிசெய்து புகாரை மூடும்வரை எண்ணிக்கை நிற்கும்.

அந்த மேசைக்காரரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் தடவை ஒயர் கழன்றிருந்தது. அடுத்த தடவை எண்கள் விழவில்லை, நம்லாக் அணைந்திருந்தது. பிறகு இரண்டு தடவை எழுத்துகள் மக்கர் செய்தன. இரண்டு போர்டு மாற்றிக் கொடுத்தேன். வலது ஷிஃப்டை எட்டு நொடி விடாமல் அழுத்தினால் போர்டு மந்தமாகிவிடும், சட்டென்று தட்டினால் எழுத்து விழாது, தெரியாமல்கூட அதில் கையை வைத்துவிடாதீர்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இன்றும் அதே மந்தம்.

நான் குனிவதற்குள் அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவே மனசு வரவில்லை; ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்களே ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சீங்களா?"

கண்ணைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா படுக்கையில இருக்காரு தம்பி. ராத்திரி நாலு தடவை திருப்பிப் போடணும், இல்லன்னா புண்ணாயிடும். நீங்க வந்து பாக்குற பத்து நிமிஷம்தான் எனக்குத் தூக்கம்." குரலைத் தாழ்த்தி, "சொல்லிடுவீங்களா?" என்றார்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஒரே சீட்டுக்கு அஞ்சு புகார். போர்டு சரியில்லையா, ஆள் சரியில்லையா? ஆள்னா சொல்லு, நாளைக்கே வேற ஆள் போட்டுடறேன்."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டுதான் சார்."

"அதான் ரெண்டு மாத்திட்டியே?"

"எல்லாம் ஒரே லோடுல வந்தது சார். அந்த லோடே சரியில்ல."

"அப்போ இங்க இருக்கிற அறுபதும் அந்த லோடுதானே?"

தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். "ஆமா சார்" என்றேன்.

"ஸ்டோர்ல வேற போர்டு கிடக்குல்ல? இப்பவே ஆரம்பி. அறுபதையும் மாத்திடு."

அவர் போனதும் அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "உங்க புகாரை நான் இன்னும் மூடல. தூங்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் முதுகை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

பத்துப் பத்து போர்டாகச் சுமந்து வந்து முதல் வரிசையில் ஆரம்பித்தேன். முதல் மேசையின் பேரில் ஒரு புகாரைப் பதிந்துவிட்டு, முட்டி போட்டு மேசைக்கு அடியில் நுழைந்து ஒயரை உருவினேன். மேலே தட்டும் சத்தம் நின்றது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டது மேலிருந்து ஒரு பெண்குரல். அவரை எனக்குத் தெரியாது.

ஒரு நிமிட வேலை அது.

"பத்து நிமிஷம்" என்றேன்.

பிறகு என் முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள் செருப்பிலிருந்து வெளியே வந்தன. வீங்கியிருந்த விரல்களை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டன.