சிவானுஜாவின் கைகள் சும்மா இருந்த கதை

சிவானுஜா முதல்தரம் பரீட்சையில் தோற்றது வேலை தெரியாமல் அல்ல, வேலை கூடிப்போனதால். கேட்டால் சிரிப்பீர்கள். அவளுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அவள் கொழும்பில் படித்துப் பட்டம் வாங்கிய தொழில்வழி சிகிச்சையாளர். பாரிசவாதத்தில் கைகால் விழுந்தவர்களைத் தாங்களே உண்ணவும் உடுக்கவும் தேநீர் ஊற்றவும் மறுபடி பழக்கிவிடுவதுதான் அவளுடைய தொழில். கலியாணம் கட்டி இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்ததும் அந்தப் பட்டம் அலுமாரிக்குள் போய்விட்டது. நகர ஓரத்து மொண்டெல்லோவில் சிஞ்ஞோரா நுன்சியா என்ற வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். ஒன்பது வருடம் ஓடிற்று. பட்டத்தை இங்கேயும் செல்லுபடியாக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ரோமுக்கு அனுப்பாத கடதாசி இல்லை. கடைசியில் பதில் வந்தது. ஒரு செய்முறைப் பரீட்சையில் தேறினால் பதிவேட்டில் பெயர் ஏறும், லைசென்ஸ் கிடைக்கும். பலெர்மோவின் சீசாப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கும் ஒரு நிறுவனம், இந்த வருடம் முடிவதற்குள் லைசென்ஸைக் கொண்டுவந்தால் வேலை என்றும் சொல்லி வைத்திருந்தது.

பரீட்சையில் இடக்கை விழுந்த ஒரு கிழவரை முன்னால் இருத்தி, "இவரை ஜாக்கெட் போடப் பழக்குங்கள்" என்றார்கள். இவள் விடுவாளா? நாலு நிமிடம். கையை நுழைத்து, பொத்தான் பூட்டி, கொலரை மடித்து, போதாக்குறைக்கு அவருடைய மூக்குக்கண்ணாடியையும் துடைத்து மாட்டிவிட்டாள். கிழவர் மாப்பிள்ளை போல இருந்தார். முடிவு ஒற்றை வரியில் வந்தது: நோயாளி செய்யவேண்டியதைச் சிகிச்சையாளர் தானே செய்துவிடுகிறார்.

இரண்டு நாள் கொதித்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் காலை, சிஞ்ஞோரா தன் கம்பளிச்சட்டையைக் குனிந்து பார்ப்பதற்குள் சிவானுஜாவின் கைகள் மூன்று பொத்தானைப் பூட்டி முடித்திருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிஞ்ஞோராவுக்கு வலக்கை விழுந்து இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் அந்த மனுசி ஒரு பொத்தானைக்கூடத் தானாகப் பூட்டியதில்லை. பூட்ட விட்டால்தானே! படித்த படிப்பை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் புருசன் யசிந்தன் கேட்டான். "இரண்டாந்தரமும் கோட்டை விட்டால் என்ன செய்வீர்? எங்கட ஆக்களுக்கு உது கிடைக்காதெண்டு கீழ்வீட்டு இராஜநாயகமண்ணை சொல்லுறார்."

"அவருக்கு வேற வேலையில்லை. நான் மூண்டாந்தரமும் போவன்."

அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இனி நான் தொடமாட்டன். எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லித் தருவன். நீங்கள்தான் செய்யவேணும்."

சிஞ்ஞோரா சொன்னது சிசிலியன் பேச்சு. நம்முடைய தமிழில் இப்படித்தான் வரும்: "அப்ப உன்ரை பரீட்சைக்கு நான்தான் பயிற்சிக் கொப்பி. சரி, பாஸ் பண்ணினால்?"

"போயிடுவன், சிஞ்ஞோரா."

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சிஞ்ஞோரா மடியில் கிடந்த போர்வையை இடக்கையால் ஒதுக்கித் தள்ளினார். பிறகு, "சட்டையை எடு" என்றார்.

சட்டையில் ஆறு பொத்தான். முதல்நாள் ஒன்று பூட்ட இருபது நிமிடம் போனது, கோப்பி ஆறிப்போனது. சிவானுஜா தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தாள். வேறு வழியில்லை, விட்டால் அவை பாய்ந்துவிடும். சிஞ்ஞோரா பலெர்மோவில் உள்ள புனிதர்கள் அத்தனைபேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இவளைத் திட்டினார். இவள் அசையவில்லை. "பெருவிரலாலை தள்ளுங்கோ, இன்னொருக்கா" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கிழமை சிஞ்ஞோராவின் மகள் ஒர்னெல்லா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். தாய் வேர்த்துக் கொட்டிக்கொண்டு சட்டையோடு மல்லுக்கட்டுகிறார், வேலைக்காரி கதிரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"உன்னை இருந்து பார்க்கவோ வைச்சிருக்கிறம்? உனக்கு ஏலாதெண்டால் வேற ஆள் பிடிக்கிறன்."

வேலை போனால் பரீட்சை வரைக்கும் தாக்குப்பிடிப்பது எப்படி? இருந்தும் சிவானுஜா எழும்பவில்லை.

"ஒர்னெல்லா, கதைக்காதை," என்றார் சிஞ்ஞோரா நிமிராமலே. "நான் நாலாவது தெறியிலை நிக்கிறன்."

நாலாவது பொத்தான் பூட்டுப்பட்டது. ஐந்தாவதும் பூட்டுப்பட்டது. ஒர்னெல்லா கைப்பையைத் தோளில் இருந்து இறக்கவும் மறந்து, ஆறாவதுவரை வாசலிலேயே நின்றாள். வேற ஆள் என்ற கதை அதற்குப் பிறகு அந்த வீட்டில் வரவில்லை.

நாலு மாதத்தில் இரண்டாவது பரீட்சை வந்தது. இந்தமுறை ஒரு தையற்காரப் பெண், அவருக்கும் ஒரு கை விழுந்திருந்தது. அவரைக் கோப்பி போடப் பழக்கவேண்டும். கோப்பிக் கேத்தலின் அடிப்பாகத்தில் தண்ணீரும் தூளும் போட்டு, மேல்பாகத்தை முறுக்கிப் பூட்டவேண்டும். ஒற்றைக் கையால் முறுக்க முறுக்க அது மேசையெல்லாம் சுற்றியது. தூள் கொட்டுப்பட்டது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிற்று.

"கொஞ்சம் பிடி, பிள்ளை" என்றார்.

சிவானுஜாவின் கைகள் மடியிலிருந்து எழும்பிவிட்டன. மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அவை நின்றதைப் பரீட்சகர்கள் மூவரும் பார்த்தார்கள். சிஞ்ஞோராவின் நாலாவது தெறி அவளுக்கு ஞாபகம் வந்தது. கைகளை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்தாள்.

"அந்தத் துணியை நனைச்சு அடியிலை விரியுங்கோ. வழுக்காது. எனக்கு அவசரமில்லை."

ஒரு பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும். ஈரத்துணியில் கேத்தல் உறுதியாக நின்றது. முப்பத்தைந்து நிமிடம் கழித்துக் கோப்பி கொதித்து மேலே வந்தது. அந்தப் பெண் தானே ஊற்றி, மணிக்கூடு பார்த்தவருக்கு முதல் கோப்பையை நீட்டினார்.

வருடம் முடிவதற்குள் லைசென்ஸ் வந்தது, சீசா வேலையும் உறுதியாயிற்று. யசிந்தன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இனியெண்டாலும் படிப்பு முடிஞ்சுதோ?"

"இல்லை. மூண்டு வருசத்துக்கொருக்கா வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்கவேணும். இல்லாட்டி இது நிலைக்காது. முதல் வகுப்புக்குப் பெயர் குடுத்திட்டன். தேத்தண்ணி வேணுமெண்டால் நீங்களே போடுங்கோ."

போட்டான். போடாமல் என்ன செய்வது?

மொண்டெல்லோவில் கடைசிநாள். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு, எதைச் செய்யக்கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டுச் சிவானுஜா புறப்பட்டாள். சிஞ்ஞோரா ஆறு பொத்தானும் பூட்டிய சட்டையோடு வாசல்வரை வந்தார். வெளியே மழை. சிவானுஜா தன் ஜாக்கெட்டின் ஜிப்பை மாட்டப் பார்த்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, ஜிப் பிடிக்கவில்லை. மறுபடி பார்த்தாள், அப்போதும் இல்லை.

"சிஞ்ஞோரா, இதை ஒருக்கா..."

சிஞ்ஞோராவின் இடக்கை முன்னே வந்தது, பாதியில் நின்றது, திரும்பிப் போய்ச் சட்டைப்பைக்குள் புகுந்துகொண்டது. அவருடைய கன்னமும் நனைந்துதான் இருந்தது.

"மாட்டன்," என்றார். "நீயே போடு. எனக்கு அவசரமில்லை."