வேகன் முழுங்கி

அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்த நாள் முதல் சாக்பீஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரயில்வே யார்டை மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது. முப்பது லைனில் இருபத்தெட்டைப் பிடுங்கி எடைக்குப் போட்ட பிறகு, மிச்சமிருந்த இரண்டைப் பார்த்து நகரசபைக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பழைய கேன்டீனுக்கு வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். வேலை பார்த்த காலத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ஏழு மனு எழுதியும் கிடைக்காத அந்த இடத்தில் இப்போது ஏசி ஓடியது. பழைய தொழிலாளர்கள் வந்து மைக் முன்னால் நினைவுகளைச் சொல்ல வேண்டும், பதிவு செய்து வைப்போம் என்று கடிதம் சொன்னது.

சாக்பீஸுக்குச் சொல்ல ஒரே ஒரு நினைவுதான் இருந்தது. அதை முப்பத்தாறு வருடமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொல்ல வழியே இல்லை, ஏனென்றால் அவர் கெடுத்தது அவளுடைய அண்ணன் வாழ்க்கையை. எழுபது வயதாகிறது, இதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

யார்டில் அவர் வேகன் பரிசோதகர். நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். கணீரென்றால் நல்ல சக்கரம், சொத்தென்றால் விரிசல். சந்தேகம் வந்தால் வேகனின் பக்கவாட்டில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார், பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். குறி விழுந்த வேகனை எந்த ரயிலிலும் இணைக்கக் கூடாது. குறியைப் போட்டவர்தான் அதை அழிக்க வேண்டும், மேலதிகாரியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. எழுதாத சட்டம்தான். அதனால்தானோ என்னவோ எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மனைவியின் அண்ணனான மச்சான் அதே யார்டில் நம்பர் குமாஸ்தா. ரயில் கிளம்புவதற்கு முன் அதன் ஓரமாகத் தலையிலிருந்து வால் வரை நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பேரேட்டில் ஏற்ற வேண்டியது அவர் வேலை.

அன்று பிற்பகல் சாக்பீஸ் ஒரு வேகனுக்குக் குறி போட்டார். கொஞ்சம் தள்ளி நின்று யோசித்து, மறுபடி தட்டிப் பார்த்தார். கணீரென்றது. வேகனில் ஒரு கோளாறும் இல்லை, அவர் காதில்தான் ஏதோ கோளாறு. அழிப்பதற்காகத் துணியை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது, மச்சான் தண்டவாளங்களைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தார்.

"மாப்ள! உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் போன் வந்துச்சு!"

சாக்பீஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பேரும் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். சாக்பீஸ் குறியை அழிக்கவில்லை. மச்சான் ரயிலோரம் நடக்கவில்லை. ஓடிவருவதற்கு முன்பே அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்து அப்படியே பேரேட்டில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். அவசரமென்றால் எல்லாக் குமாஸ்தாக்களும் செய்கிற காரியம்தான்.

குறியைப் பார்த்த ஆட்கள் சட்டப்படி வேகனைக் கழற்றி, இருபத்தாறாம் லைனின் கடைசியில் கண்ணாடித் தொழிற்சாலைக் கொட்டகைக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். வேகன் போய்விட்டது என்றது பேரேடு. வேகன் இங்கேயே நின்றது. பத்து நாள் லீவு முடிந்து வந்த சாக்பீஸுக்கு ஒரு நாளைக்கு நாற்பது குறி போடும் கையில் இந்த ஒரு குறி ஞாபகமே இல்லை. ஒவ்வொரு ஷிப்டும் அடுத்த ஷிப்டுக்கு, "இருபத்தாறில் வேகன் ஒன்று, முன்போலவே" என்று எழுதிக் கொடுத்தது. வாங்கியவர்களும் முன்போலவே எழுதினார்கள். வழியிலிருந்த அறுபது ஸ்டேஷன்களிலும் அந்த வேகனைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். சொந்த யார்டில் ஒருவரும் தேடவில்லை, அதுதான் போய்விட்டதே.

வேகனுக்குள் இருந்தது என்ன தெரியுமா? ரயில்வே தலைமை அலுவலகத்தின் புதுக் கட்டடத்துக்கான கழிப்பறைப் பீங்கான்கள். வேறு சரக்காக இருந்திருந்தால் கோப்போடு போயிருக்கும். ஒன்றே முக்கால் வருடம் பெரிய அதிகாரிகள் எதிர்க் கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடிய ஒவ்வொருவரும் அந்த வேகன் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

கடைசியில் கொட்டகையை இடிக்கப் போனவர்கள் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தால் பளபளவென்று பீங்கான்கள், அதில் ஒன்றில் குட்டி போட்ட பூனை. யார்டே கூடிச் சிரித்தது. சாக்பீஸ் மட்டும் வேகனின் மறுபக்கம் போனார். கொட்டகை நிழலில் மழை படாமல், நேற்றுப் போட்டது போல அவருடைய பெருக்கல் குறி நின்றது. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் குறி இருந்தால், வேகனை நிறுத்தியது பரிசோதகர் என்று தெரியும், மச்சான் பாதிக்கு மேல் தப்பிப்பார். சாக்பீஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். போட்டவரே அழிக்க வேண்டும் என்ற சட்டத்தை அன்று அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார்.

விசாரணையில் மச்சான் ஒருவர் தலையிலேயே எல்லாம் விடிந்தது. யார்டு மாஸ்டர் பதவி உயர்வு போயிற்று. எடை மேடைக்கு மாற்றி, ஓய்வு பெறும் வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. முப்பது டன் வேகனையே தொலைத்தவன் எங்கள் பெண்ணை எங்கே விட்டுவிட்டு வருவானோ என்றார்களாம் பெண் வீட்டார். வேகன் முழுங்கி என்ற பட்டம் மட்டும் நிலைத்தது. அதன் பிறகு மச்சான் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. தினமும் மதியம் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. முப்பத்தாறு வருடமாக அவர் எதிரில் உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சாக்பீஸ்.

பதிவு நாளில் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். பதிவு செய்யும் பெண் வாசலுக்கு வந்து மச்சானை அழைத்துப் போனாள். சுவரில் அவருடைய பழைய புகைப்படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே "ஒரு வேகனையே தொலைத்தவர்" என்று கொட்டை எழுத்து. மச்சான் அதன் பக்கத்தில் நின்று இரண்டு பேருக்குக் கை கொடுத்தார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நோட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

சாக்பீஸ் மைக் முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மென்று முழுங்காமல், பூசி மெழுகாமல், குறி போட்டதிலிருந்து கைக்குட்டை வரை சொல்லி முடித்தார். முப்பத்தாறு வருடச் சுமை பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மனைவிதான் முதலில் பேசினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு பதிவு செய்யும் பெண்ணிடம் சொன்னாள்:

"பாத்தியாம்மா? எங்கண்ணன் பேர் கெட்டுடக் கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கறாரு. இப்படி ஒரு மனுஷன் எங்க கெடைப்பாரு?"

"நெஜமாத்தான்டி சொல்றேன்!"

"சும்மா இருங்க. உங்களுக்குப் பொய் சொல்லவே தெரியாது, மொகத்துலயே தெரியுது."

பதிவு செய்யும் பெண் தலையைச் சொறிந்தாள். "ஐயா, பலகையெல்லாம் அடிச்சாச்சே" என்றாள்.

மச்சான் எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

மிச்சமிருந்த இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் பூங்கா பெஞ்சு ஒன்று போட்டிருந்தார்கள். மச்சான் உட்கார்ந்தார். சாக்பீஸ் உட்காரவில்லை.

"உண்மையா?"

"உண்மை, மச்சான்."

"குறி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். பயந்துட்டேன். சின்னக் கொழந்தை வீட்ல, வேலை போயிடும்னு..."

"அப்ப நான் எதையும் தொலைக்கல."

"இல்ல மச்சான். நீங்க நடந்து போய்ப் பாக்காம எழுதினீங்க, அவ்வளவுதான். அது எல்லாரும் பண்ணினது."

அடிப்பார் என்று சாக்பீஸ் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பா சாகற வரைக்கும், வீட்டுச் சாவிய என் கையில குடுத்தா, பத்திரம்டான்னு ரெண்டு தடவ சொல்வாரு. எனக்குப் பேசி வச்சிருந்த அந்தப் பொண்ணு ஒருநாள் கடைத்தெருவுல எதுக்க வந்தா, என்னப் பாத்ததும் சிரிப்ப அடக்கிக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. எடை மேடையில இருபத்தொரு வருஷம். இதெல்லாம் நான் பண்ணின தப்புக்குன்னு நெனச்சுத்தான் மாப்ள தாங்கிக்கிட்டேன். தப்புப் பண்ணினேன், பட்டேன், கணக்கு சரியாப் போச்சுன்னு. இப்ப வந்து நான் தப்பே பண்ணலங்கறீங்க. அப்ப அதெல்லாம் எதுக்கு?"

சாக்பீஸின் கண் நிறைந்தது. "என்ன மன்னிச்சிடுங்க மச்சான்."

"மன்னிக்கறதுக்கு நேரமில்ல. எழுபத்தி மூணு வயசாச்சு. இனிமே நிரபராதியாகி நான் என்ன பண்றது, சொல்லுங்க? உள்ள என் போட்டோவ மாட்டிருக்காங்க. காலையிலேர்ந்து நாலு பேர் கை குடுத்தாங்க. வேகன் முழுங்கின்னா இந்த ஊருக்கே தெரியும். வேகனத் தொலைக்காதவன்னா யாருக்குத் தெரியும்? அது ஒண்ணுதான் எனக்குன்னு மிஞ்சியிருக்கு. அதையும் வந்து புடுங்கறீங்களே மாப்ள!"

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்து வந்த சாக்பீஸ், இரண்டாவது தடவையாக அதே மனிதரிடம் திருடிவிட்டு நின்றார்.

"நான் என்ன பண்ணணும் மச்சான்?"

"போய்ச் சொன்னத மாத்திச் சொல்லுங்க."

"நாளைக்குச் சாப்பிட வருவீங்களா?"

மச்சான் பெஞ்சிலிருந்து எழுந்தார். "வேற எங்க போறது" என்றார்.

சாக்பீஸ் உள்ளே போனார். மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தார். வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்பிவிட்டது, முன்பு சொன்னதை அழித்துவிடுங்கள் என்றார். மனைவி, "நான்தான் சொன்னேனே" என்பது போலத் தலையாட்டினாள். பதிவு செய்யும் பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, "அப்ப வேகனைத் தொலைச்சது யாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

"எங்க மச்சான்தான்" என்றார் சாக்பீஸ். குரல் எழும்பவில்லை.

பின்னாலிருந்து மச்சான் சொன்னார்: "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்ள."