முதல் விளக்குக்கு முன்

"பொம்பளப் புள்ளைக்கு எடக்கைதான்" என்று பூசாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

செல்வப்பிரியா கையை நீட்டவில்லை. அவள் இடக்கைக்காரி. சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாம் அவளுக்கு அந்தக் கைதான். ராக்கெட் பிடிப்பதும் அதில்தான். ஊர் ஊராக, நாடு நாடாக டென்னிஸ் ஆடிச் சம்பாதித்த பேரும் அந்தக் கையில்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மஞ்சள் கிழங்கு கோத்த காப்புக் கயிற்றைக் கட்டினால்?

"வலக்கையில கட்டுங்க சாமி. நாளைக்குக் கோயமுத்தூர்ல எனக்கு மேட்ச் இருக்குதுங்க."

"ஆத்தாளுக்கு உன்ற மேட்ச்செல்லாம் தெரியாது கண்ணு. கை எதுன்னு மட்டும் தெரியும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிரியா திரும்பித் தன் அம்மா சின்னத்தாயியைப் பார்த்தாள். சின்னத்தாயி வேப்பிலைக் கொத்தை ஆராய்ச்சி செய்வதுபோல் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

"என்னையக் கேக்காம என்ற கைக்கு நீங்க எப்படிம்மா வேண்டிக்கலாம்?"

"கைக்கா வேண்டுனேன்? முட்டிக்குத்தான் வேண்டுனேன். நீ ஆப்பரேசன் பண்ணிக் கட்டில்ல கெடந்தப்ப, புள்ள எந்திருச்சு நடந்தாப் போதும், காப்புக் கட்டி நெருப்புப் பூவோடு எடுக்க வெக்கறேன்னு சொன்னேன். நடந்தியா இல்லியா?"

நடந்தாள். ஓடவும் செய்தாள். ஆனால் முட்டி சரியாகித் திரும்பி வந்தபின் ஆடிய மூன்று போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றாள். போன வருடம் இதே வாரத்தில் எடுத்த புள்ளிகள் வரும் திங்கட்கிழமை காலாவதியாகின்றன. இந்த வாரம் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் உலகத் தரவரிசையில் அவள் பெயர் தங்கும். இல்லாவிட்டால் பட்டியலை விட்டே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு சின்னப் போட்டிக்கும் யாரையாவது கெஞ்சித்தான் உள்ளே நுழைய வேண்டும். இருபத்தேழு வயதில் முட்டியில் தையலோடு வருகிறவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

ஆலாம்பதியில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஒரு விதி உண்டு. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் சாயங்காலம் கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்கு முதல் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த முதல் விளக்கை ஏற்றுகிற உரிமை பிரியாவின் அப்பா தங்கதுரையின் குடும்பத்துக்கு. அதனால் அவருக்கும் இந்த நாட்களில் வெளியூரில் ராத்தங்கல் கிடையாது.

"ஆக, ஓட்டல்ல ரூம் போட்டிருக்கறது வேஸ்ட்" என்றாள் பிரியா.

"முக்காமணி நேரந்தான அம்மிணி, காருல தெனமும் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாறேன்" என்றார் தங்கதுரை.

பிரியா ஒரு மூச்சு யோசித்தாள். பிறகு இடக்கையை நீட்டினாள்.

"இறுக்கிக் கட்டுங்க சாமி. ஆடக் கூடாது."

மறுநாள் கோவையில் அவளுடைய பயிற்சியாளர் ரிஜின் அந்தக் கையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். சித்தூர்க்காரன், மலையாளி. அவன் தமிழில் பாதி சொந்த ஊர் கலந்திருக்கும்.

"எந்தா இது? மேட்ச்சுக்கு வந்ததோ கல்யாணத்துக்கு வந்ததோ?"

"மேலே ரிஸ்ட் பேண்ட் போட்டுக்கறேன். தெரியாது."

தெரிந்தது. முதல் செட் முடிவதற்குள் வெள்ளை ரிஸ்ட் பேண்டில் வியர்வையோடு மஞ்சள் ஊறிவிட்டது. நடுவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, காயமா என்று கேட்டார். "இல்லை, கோயில்" என்றாள் பிரியா. அவர் புரிந்ததுபோல் தலையாட்டி வைத்தார். அன்றைக்கு எதிரே நின்ற பெண்ணுக்கு ஜுரம். ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. ஒரு வெற்றி கைக்கு வந்தது. ஆனால் தன் ஆட்டத்தால் வந்த வெற்றி இல்லை என்பது பிரியாவுக்குத் தெரியும். முட்டிக்குப் பயந்து, பேஸ்லைனுக்கு வெகு பின்னால் நின்று, வந்த பந்தையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு அது நடக்காது. நாளை எதிரே வரப்போவது பூனாவிலிருந்து வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பெண். இடி மாதிரி அடிப்பாள். உடை மாற்றும் அறையில் பிரியாவைப் பார்த்து, "தீதி, நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னார்களே?" என்று அக்கா முறை வைத்துச் சிரித்தபடியே கேட்டவள்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டார்கள். பயிற்சி செய்ய வீட்டில் இருப்பது களம்தான். கொப்பரை காயப்போடத் தங்கதுரை போட்ட சிமெண்ட் களத்தில்தான் சின்ன வயதில் அவளுக்குக் கோடு போட்டு வலை கட்டினார்கள். இப்போது தேங்காய் வெட்டு நேரம். கொப்பரை பாதிக் களத்துக்கு மேல் பரந்து கிடந்தது. பேஸ்லைன் வரைக்கும் வெள்ளை வெள்ளையாகத் தேங்காய்ப் பருப்பு.

"கொஞ்சம் அள்ளிக்கறீங்களாக்கா?" என்றாள் பிரியா.

கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த செல்லாத்தாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏஞ்சாமி, நாலு வெயிலு காஞ்சது. மழை வேற கருக்குது. உன்ற பந்துக்காக எடத்த மாத்துனா உங்கப்பன் என்னையல்ல வையும்? இருக்கற எடத்துல ஆடு. கொப்பரை மேல பந்து உழுந்துச்சு, பாத்துக்க, எண்ணெயாட்டறப்ப பந்தையும் சேத்து ஆட்டிருவேன்."

பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வந்திருந்த ரிஜின் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்து போட்டான். முதல் பந்துக்குப் பழக்கத்தில் பின்னால் போனாள். காலடியில் கொப்பரை நொறுங்கியது. "ஏய்!" என்றாள் செல்லாத்தாள். அடுத்த பந்தைப் பிரியா அடிக்காமல் விட்டாள். அது கொப்பரைக்குள் போய்ப் புதைந்தது. செல்லாத்தாள் அதை எடுத்து முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். இனி வேறு வழியில்லை. பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, இடுப்புக்கு வருமுன்பே, முன்னால் போய் அடித்தாக வேண்டும். அடித்தாள். தப்பியது. மறுபடி அடித்தாள். இருட்டுகிற வரை அடித்தாள்.

வியாழக்கிழமை காலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கோர்ட்டைத் துடைத்து, காய வைத்து, முந்தைய ஆட்டங்கள் முடிந்து, இவர்களைக் கூப்பிட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது. கேலரியில் தங்கதுரை காரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

முதல் செட் பூனாக்காரிக்கு, 6-4. இரண்டாவது செட்டில் அந்தப் பெண் அவசரப்பட்டுப் பந்துகளை வெளியே அடித்தாள். 6-3 என்று பிரியா பிடித்தாள். மூன்றாவது செட் தொடங்கும்போது விளக்குக் கம்பங்களில் வெளிச்சம் வந்தது.

அந்த வெளிச்சம் பிரியாவைக் கெடுத்தது. விளக்கு என்றதும் ஊர் நினைவு வந்துவிட்டது. கேலரியைப் பார்த்தால் அப்பா கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சீக்கிரம் முடிக்க வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பந்தையும் கோட்டின் விளிம்புக்கு விரட்டினாள். பாதி வலையில் விழுந்தது. மீதி வெளியே போனது. 1-4.

இடம் மாறும் நேரத்தில் நாற்காலிக்குப் போகாமல் நேரே கேலரித் தடுப்புக்குப் போனாள்.

"அப்பா, நீங்க கெளம்புங்க."

"நீயி?"

"முடிச்சுட்டு ரிஜின் கூட வாறேன்."

"அம்மிணி, விளக்கு வெச்சாச்சுன்னா..."

"தெரியுமுங்கப்பா. ஊரு என்ன சொல்லுதோ நின்னு கேட்டுக்கறேன். பாதியில எந்திருச்சு வந்தா எனக்கு நானே என்ன பதில் சொல்றதுங்க? உங்க விளக்கு உங்க வேலை. இது என்ற வேலை. போங்க."

தங்கதுரை மகளின் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். எழுந்து படியிறங்கிப் போனார்.

பிரியா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். அம்மா கோயிலில் காத்திருப்பாள். வேண்டுதல் போச்சு என்று அழுவாள். அழட்டும், போய்த் தேற்றிக்கொள்ளலாம். இனி அவசரமே இல்லை. நேரமாகிவிட்டது என்றால் ஆகிவிட்டதுதான். இப்போது இருப்பது அடுத்த பந்து மட்டும்.

அவள் பேஸ்லைனுக்கு வந்து நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் பச்சைச் சிமெண்ட் தரை நீளமாக, காலியாகக் கிடந்தது. பின்வாங்கு, வா, என்று கூப்பிடுகிற மாதிரி. பிரியா மனசுக்குள் அதன் மேல் கொப்பரையைப் பரப்பினாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. செல்லாத்தாளையும் இடுப்பில் கையோடு கொண்டுவந்து நிறுத்தினாள்.

இனி பின்னால் இடமில்லை.

தன் சர்வீஸை எடுத்தாள். 2-4. பூனாக்காரியின் இடி அடிகள் தரையில் பட்டு எழும்பும்போதே பிரியாவின் ராக்கெட் அங்கே இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன் அடியின் வேகமே தன்மேல் திரும்பி வந்தது. நிமிர்ந்து நிற்க நேரமில்லை. 3-4. 4-4. பார்க்க வந்தவர்கள் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டார்கள். முட்டி வலித்தது. ஆனால் முன்னால் நின்று ஆடுகிறவளுக்கு ஓட வேண்டிய தூரம் குறைவு. வலி பொறுக்கிற அளவிலேயே நின்றது.

4-5. அடுத்த ஆட்டத்தில் பூனாக்காரிக்கு ஒரு மேட்ச் பாயிண்ட். பிரியாவின் முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. இரண்டாவதைப் பயந்து தள்ளவில்லை. முழுக் கையோடு அடித்தாள். பந்து வளைந்து வெளியே இழுத்துக்கொண்டு போக, அந்தப் பெண் எட்டிப் போட்ட பந்தைப் பிரியா வலைக்கு ஓடிப்போய் அப்படியே அழுத்தி வைத்தாள். அடுத்த இரண்டு பாயிண்டும் அவளுக்கே. 5-5. அதற்குப் பிறகு அந்தப் பெண் "தீதி" என்று யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

7-5.

கடைசிப் பந்து விழுந்ததும் பிரியா கத்தவில்லை. ரிஸ்ட் பேண்டை இழுத்து வியர்வையைத் துடைத்தாள். முகமெல்லாம் மஞ்சள் ஆனது.

"பேரு அங்கேதன்னே இருக்கு! லிஸ்ட்டில இருந்து ஒருத்தனுக்கும் எடுக்க முடியாது!" என்று ரிஜின் குதித்துக்கொண்டு வந்தான்.

"வண்டிய எடு ரிஜின். குதிக்கறத அங்க போய்க் குதிக்கலாம்."

மாநில எல்லையான வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் தேங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ரிஜின் மூன்று பேருக்கு மலையாளத்திலும் இரண்டு பேருக்குத் தமிழிலும் கும்பிடு போட்டு வண்டியைச் செருகிக்கொண்டு வந்தான். பிரியா முட்டியில் ஐஸ் பையை அழுத்தியபடி, கோயிலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேணும்னேதான் செஞ்சேனுங்க. தண்டம் என்னன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அழக் கூடாது.

ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியபோது பறைச் சத்தம் கேட்கவில்லை. கம்பத்தைச் சுற்றும் ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா? கோயிலுக்கு முன் வண்டி நின்றபோதும் புரியவில்லை. ஊர் முழுக்க அங்கேயே நின்றிருந்தது. பறைக்காரர்கள் பறையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். நடுவில் கம்பம் இருட்டாக நின்றது. அதன் அடியில் விளக்குக்கு முன்னால் தங்கதுரை குந்தியிருந்தார். ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். திரியில் வைத்தார். திரி உஸ் என்றது. அணைந்தது.

கோயில் தலைவர் குப்பண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா தங்கதுரை, இதென்னப்பா திரி? எந்த ஊர்ச் சந்தையில வாங்குனே?"

"ஈரமுங்க மாமா. காலைல மழை பேஞ்சுதல்லங்க."

"எங்க ஊட்டுத் திரி தாறேன், வை!"

"மொத விளக்குக்கு எங்க ஊட்டுத் திரிதானுங்க மாமா ஆகும். நீங்களே போன வருசம் சொன்னீங்க."

பிரியா அம்மாவைத் தேடினாள். சின்னத்தாயி அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு கையில் திரிக் கட்டு, மறு கையில் தீர்த்தச் சொம்பு. தங்கதுரை கையை நீட்டினார். சின்னத்தாயி ஒரு திரியை எடுத்தாள், சாவகாசமாகச் சொம்புக்குள் முக்கினாள், எடுத்துக் கொடுத்தாள். முக்கால் ஊரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு நொண்டியபடி கூட்டத்துக்குள் போய் அம்மாவின் அருகில் நின்றாள். சின்னத்தாயி திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் அப்பிய முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்த திரி ஒன்றை எடுத்துத் தங்கதுரையிடம் கொடுத்தாள்.

விளக்கு குபீரென்று பிடித்தது. பறைக்காரர்கள் துள்ளி எழுந்தார்கள்.

"நிறுத்துங்கடா சித்தே!" என்றார் குப்பண்ணன். பிரியாவிடம் வந்தார். "ஜெயிச்சியா, தோத்தியா? அத மொதல்ல சொல்லு. தோத்துட்டு வர்றதுக்கா இத்தன சனத்தப் பசியோட நிக்க வெச்சே?"

"ஜெயிச்சுட்டேனுங்க மாமா."

"அப்ப நாளைக்கும் உண்டா?"

"ஆமாங்க."

"அதுலயும் ஜெயிச்சீன்னா?"

"நாளான்னைக்கும் உண்டுங்க."

குப்பண்ணன் தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை விளக்கைப் பார்த்தார்.

"ஆத்தாளுக்குக் காத்திருக்கத் தெரியும். எங்களுக்குச் சோறு வேணுமல்ல?" என்றார் குப்பண்ணன். "இதுக்குத் தண்டம் உண்டு. நோம்பி முடியற வரைக்கும் வெடியால கம்பத்துக்கு மொதக் கொடம் தண்ணி நீதான் ஊத்தோணும். ஆத்துலிருந்து தூக்கிட்டு வந்து."

"முட்டி தாங்குமாங்கண்ணா அவளுக்கு?" என்று சின்னத்தாயி பதறினாள்.

"தாங்கோணும்மா. எத்தன மணிக்குங்க மாமா?"

"கோழி கூப்புடறதுக்கு."

"சரிங்க. மொத பஸ்ஸு வர்றதுக்கு மின்னால முடிச்சர்றேன்."

பறை அதிர ஆரம்பித்தது. பிரியா கூட்டத்தில் செல்லாத்தாளைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, காலைல கொப்பரை காயப் போடுவீங்கல்ல?"

"போடாம? உனக்காக எடத்த மாத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

"மாத்த வேண்டாங்க்கா. இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுங்க."