இரண்டு பேர் எச்சில்

"மேடம், சாம்பிள் ஒரு லேடியோடது. உங்கப்பாவோடது இல்ல" என்று டாக்டர் வீணா போனில் சொன்னபோது, தமயந்தி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எத்திராஜுக்குப் புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது. எச்சிலில் இருக்கும் மரபணுவைப் பார்த்து, எந்த வலி மருந்து எவ்வளவு கொடுத்தால் கேட்கும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லும் என்றார்கள். அது சொன்னதை வேளை தவறாமல் கொடுத்தும், ஒரு வாரமாக மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். கம்ப்யூட்டர் வேறு யாருக்கோ வைத்தியம் பார்த்திருக்கிறது!

தமயந்தி விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். "அம்மா, அந்தக் குப்பியில துப்புனது யாரு?"

அன்னம்மாள் கீரையை ஆய்ந்தபடியே சொன்னாள். "அவருக்கு வாய் காஞ்சு கெடந்துச்சு. கோடு வரைக்கும் நெறையணும்னாங்க. நானே துப்பிட்டேன்."

"ஐயோ! அறிவிருக்கா உனக்கு?"

"நாப்பது வருசமா அவரு சாப்ட்ட தட்டுலதான் சாப்புடறேன். ரெண்டு பேர் எச்சியும் ஒண்ணுதானடி?"

தமயந்திக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயில் வந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தாள். அன்னம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதடி" என்றாள்.

டாக்டர் நேரிலேயே வந்தார். கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி மருந்தைப் பழைய முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மதியத்துக்குள் எத்திராஜின் முகம் தளர்ந்தது. மகளைச் சாடை காட்டிக் கூப்பிட்டார்.

"அவ துப்புனத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏம்ப்பா வாயத் தொறக்கல? ஒரு வாரமா..."

"சொன்னா நீ அவமேல பாய்வ. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து பிறந்தது தன் தலையெழுத்து என்று தமயந்திக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையை மட்டும் ஆட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை ஜோகுபாளையத்து வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. அன்னம்மாள் கண்ணாடிப் பெட்டியைத் தட்டித் தட்டி அழுதாள். "நான் பண்ண பாவம் தெரியாமலே போயிட்டியே சாமி! தெரிஞ்சிருந்தா நாலு வார்த்த திட்டியிருப்பியே!"

தமயந்தி வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ காபி டம்ளரை நீட்டினார்கள். அவள் அதை வாங்கி, ஆற்றி, அம்மாவின் கையில் கொடுத்தாள்.