சிமிழ் கழுத்தில் இருக்கும்வரை

என் கணவரை எங்கள் தேவாலயப் பங்கில் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரு சாவிக்கு நகல் எடுத்துக் கொடுப்பதற்குள் வந்தவரின் குடும்பக் கதை முழுக்க இவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக் கதை முழுக்க வந்தவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிறகு காது புளித்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதரைப் போய் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிற பணிக்குத் தேர்ந்தெடுத்தார் எங்கள் புதுச் சாமியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே அந்த நன்மையை, ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை, எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும். அதற்கென்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பொன்னிறச் சிமிழ் உண்டு. அதைத் துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பையைத் தைத்தது நான்தான். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பீடத்துத் துணிகளும் வாராவாரம் என் கைக்குத்தான் வரும். திங்கட்கிழமை காலையில் அவற்றை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு அடியில் மண்ணில் ஊற்றுவேன். அந்தத் துணியில் ஆண்டவரின் துகள் ஒட்டியிருக்கலாம் என்பதால் அப்படி ஒரு வழக்கம்.

சிமிழைக் கொடுத்த அன்றே சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இது உங்க கழுத்துல இருக்கிற வரைக்கும் வழியில நின்னு யார்கிட்டயும் பேசக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் நேரா நடக்கணும்."

"வீட்டுக்குள்ள போனப்புறம் பேசலாமா ஃபாதர்?"

"செபத்துல இருக்கிறதைப் பேசலாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாக நான் தலைகீழாக நின்றும் நடக்காத ஒன்றை, இந்தச் சின்ன வயசுச் சாமியார் ஒரு கயிற்றைக் கட்டி நடத்திவிட்டார்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் தெருவே வேடிக்கை பார்த்தது. கடைவீதியில் யாராவது குரல் கொடுத்தால் இவர் உதட்டை மடித்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். கேட்டவர் புரிந்துகொண்டு சிலுவை போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், அடக்கிவைத்த பேச்சையெல்லாம் என் தலையில் கொட்டுவார். அது வேறு கதை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, நான் பீடத்துக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தபோது, சாமியார் இவரிடம் வந்து, "நாளையிலேருந்து இன்னொரு வீடும் சேத்துக்கோங்க. பெயின்டர் ஒருத்தர். ஏணியிலேருந்து விழுந்து இடுப்புல ஆபரேஷன். நன்மை வேணும்னு அவர் மனைவி வந்து கேட்டாங்க" என்று சொல்லித் தெருவையும் சொன்னார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெயின்டர் இவருடைய கூடப்பிறந்த அண்ணன். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. புதுச் சாமியாருக்கு அது தெரியாது.

தப்பு யார் மேல் என்று கேட்டால், என் புருஷன் மேல்தான். மூத்தவர்தான் அப்போது எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்தினார். நல்ல கனமான குரல். ஆனால் ஒரு வார்த்தையைப் பிடித்தால் விட மாட்டார், இழுத்துக்கொண்டே இருப்பார். அவர் பாட்டில் இரண்டாவது அடிக்கு வருவதற்குள் நன்மை வாங்கின சனம் எல்லாம் திரும்பிவந்து முட்டிபோட்டு செபமும் சொல்லி முடித்திருக்கும். ஒருநாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் இவர் ஒரு துடைப்பத்தை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அண்ணன் பாடுவதை அப்படியே பாடிக் காட்டினார். அச்சு அசல் அதே இழுப்பு, அதே மூச்சு, அதே கண் மூடல். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. "இழுவை மாஸ்டர்" என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார். அது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சியில் ஒரு வாண்டு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட, மூத்தவர் பாட்டுப் புத்தகத்தை மூடி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றோடு எங்கள் கோயில் படி ஏறவில்லை. பஸ் பிடித்து அடுத்த பங்குக்குப் போய்க் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவாராம்.

இவர் மன்னிப்புக் கேட்கப் போகாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் போய், வாயைத் திறந்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டு வருவார். மூத்தவர் விழுந்த அன்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனிதர், கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் என்ன சொன்னார் தெரியுமா?

"விழும்போதாவது இழுக்காம சட்டுன்னு விழுந்தீங்களேண்ணே!"

ஊசி போட வந்த நர்ஸே சிரித்துவிட்டாள். மூத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சுவரைப் பார்த்தே சொன்னார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து இவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இருந்துச்சு. அவரைச் சிரிக்க வெச்சுடலாம்னு பாத்தேன். வாயைத் திறந்தா இதுதான் வருது, நான் என்ன செய்ய?"

அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆண்கள் முறுக்கிக்கொண்டாலும், என் ஓரகத்தியும் நானும் காய்கறிச் சந்தையில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அதற்கு முந்தின வாரம் பார்த்தபோது அந்த அக்கா அழுதாள்.

"பெயின்ட் அடிக்கும்போதுகூட ஏதாவது பாட்டை முனகிட்டே இருப்பாரு. இப்ப ஒரு சத்தம் இல்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சேன், கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. இப்படியே போனா மனுஷன் எழுந்து நடக்கவே மாட்டாரும்மா."

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பீடத்துத் துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சாமியாரிடம் போனேன். "ஃபாதர், அந்த வீட்டுக்கு மட்டும் வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"வேண்டாம், நானே போறேன்" என்றார் இவர்.

அன்று கடையைச் சாத்தியபிறகு இவர் செபங்களை மனப்பாடம் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகிற பிள்ளை தோற்றுப்போகும். சாப்பிடும்போது என்னிடம், "நாளைக்கு நீயும் வா. செபத்துல இல்லாத வார்த்தை ஒண்ணு என் வாயிலேருந்து வந்தாலும் கிள்ளு" என்றார்.

"தோலு வராத மாதிரியா, வர்ற மாதிரியா?"

"வர்ற மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை, பூசை வழக்கம்போல் பறந்தது. மூத்தவர் போனதிலிருந்து கீபோர்டு வாசிக்கிற பெண்தான் பாடகர் குழுவுக்கு எல்லாம். கெட்டிக்காரி, ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலவே வாசிப்பாள். நன்மைப் பாட்டு முடிந்தும் பாதிப் பேர் இன்னும் வரிசையில் நின்றார்கள். சாமியார் சிமிழில் எண்ணி வைத்து மூடிக் கொடுத்தார். இந்த வாரம் வீடு கூடியதால் கொஞ்சம் பெரிய, புதுச் சிமிழ். இவர் அதைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, நான் பின்னால் நடந்தேன்.

"என்ன ரேடியோ, இன்னிக்கு வீட்டு மந்திரியும் கூட வர்றாங்க!" என்று தையல்காரர் தன் கடையிலிருந்து குரல் கொடுத்தார். இவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் முறைத்தேன்.

வழக்கமான வீடுகளை முடித்துவிட்டு மூத்தவர் வீட்டுச் சந்துக்குள் திரும்பினோம். இவருக்கு நடை தளர்ந்தது. கதவைத் திறந்த அக்கா இவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் ஆள் அனுப்புவார் என்றுதான் அவளுக்குத் தெரியும், யாரென்று தெரியாது.

ஊருக்கெல்லாம் பெயின்ட் அடித்த மனிதரின் வீட்டில் முன்னறைச் சுவர் காரை பெயர்ந்து கிடந்தது. கட்டிலை அங்கேயே போட்டிருந்தார்கள். பக்கத்தில் நடைக்கான கம்பிச் சட்டம் ஒன்று, பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு நின்றது. ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்துச் சிலுவையும் எரிகிற மெழுகுவர்த்தியும் வைத்திருந்தார்கள். தலையணையில் சாய்ந்திருந்த மூத்தவர் இவரைப் பார்த்தார். அப்புறம் இவர் கழுத்துப் பையைப் பார்த்தார். தம்பியை மட்டும் என்றால் அந்த நிமிஷமே விரட்டியிருப்பார். ஆண்டவரையும் சேர்த்து எப்படி விரட்டுவது? மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

"ஆண்டவரை உள்ள கூப்பிடு" என்றார் அக்காவிடம். "கொண்டுவந்தவன் பேசாம வந்து பேசாம போகட்டும்."

இவர் உள்ளே போய்ச் சிமிழை வெள்ளைத் துணிமேல் வைத்தார். இந்தச் சடங்கில் முதல் வார்த்தையே, இந்த வீட்டுக்கும் இங்கே வாழ்கிறவர்களுக்கும் சமாதானம் என்பதுதான். இவர் அதைச் சொன்னார். அக்காவும் நானும் பதில் சொன்னோம். மூத்தவர் சொல்லவில்லை.

அடுத்தது பாவ அறிக்கை. அந்தச் செபத்தை வாராவாரம் சொல்லிச் சொல்லி நமக்கு வாய் மரத்துப்போயிருக்கும். சகோதரரிடமும் நான் பாவி என்று ஒப்புக்கொள்கிற இடமும், சொல்லால் செய்த பாவத்தைச் சொல்கிற இடமும் அதில் வரும். அந்த இடத்துக்கு வந்ததும் இவர் நின்று, மூச்சு வாங்கி, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தார். எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கப் போய்க் கேட்க முடியாமல் திரும்பியவர்! எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூத்தவர் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இவர் சிமிழைத் திறக்கப் போனார். மூடி வரவில்லை.

நகத்தை விட்டு நெம்பினார், வரவில்லை. முந்தின வீட்டில் நடுக்கத்தில் அழுத்தி மூடியிருக்க வேண்டும். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திருகிப் பார்த்தார். ஊரில் யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டே திறப்பார். இப்போது ஒரு சின்ன மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். வேறு எங்கேயாவது என்றால் இவரே ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பார். அந்த ஜோக் இவர் உதடு வரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. கிள்ளுவதற்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூசையில் எங்கேயாவது இடைவெளி விழுந்தால் அவர்களால் பொறுக்க முடியாது. சாமியார் தீர்த்தக் குடத்தைத் தேடினாலும் சரி, மைக் நின்றுபோனாலும் சரி, உடனே ஒரு பாட்டைப் போட்டு அடைத்துவிடுவார்கள். மூத்தவர் அதை எத்தனை வருஷம் செய்தவர்! மூடி இன்னும் திறக்கவில்லை, இடைவெளி நீண்டுகொண்டே போனது. கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். பாடத் தொடங்கியிருந்தார். பழைய நன்மைப் பாட்டு. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வார்த்தையை இழுத்தார். முன்பு இழுத்த மாதிரியே. ஆனால் படுத்தே கிடந்த உடம்பு, பாதியில் மூச்சுப் பற்றாமல் குரல் தேய்ந்தது. அது விழப்போகிற இடத்தில் இன்னொரு குரல் ஏந்திக்கொண்டது. சிமிழைப் பார்த்துக்கொண்டே, தன்னை அறியாமல், என் புருஷன் பாடினார். அதே இழுப்பு, அதே வளைவு, முற்றத்தில் துடைப்பத்தோடு பாடிக் காட்டினாரே அச்சு அசலாக, அதேதான்.

தம்பி கேலி செய்கிறான் என்று அண்ணன் நினைத்துவிட்டால் முடிந்தது கதை. மூத்தவர் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நான் இவர் முழங்கையைப் பிடித்தேன். ஆனால் அந்தக் கை அப்படியே மேலே நின்றது. பாட்டுப் பயிற்சியில் அவர் காட்டுகிற சைகை அது: விடாதே, இன்னும் பிடி.

இவர் விடவில்லை. அந்த இழுப்பு எங்கே வளையும், எங்கே இறங்கும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று இந்தப் பங்கிலேயே இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அண்ணன் மூச்சு வாங்கினால் தம்பி தாங்கினார். தம்பிக்குக் குரல் உடைந்தபோது அண்ணன் எடுத்துக்கொண்டார். இரண்டாவது அடிக்கு வந்து சேர்வதற்குள், இத்தனை நேரம் படுத்திய மூடி தானாகவே இவர் கையில் கழன்று வந்தது.

அண்ணன் நாக்கை நீட்ட, தம்பி நன்மை கொடுத்தார். "ஆமென்" என்பதைக்கூட மூத்தவர் இழுத்துத்தான் சொன்னார். அக்காவும் வாங்கினாள்.

கடைசிச் செபமும் முடிந்தது. சிமிழ் காலி. இனி இவர் பேசலாம். இவர் வாயைத் திறந்தார், நான் கிள்ளினேன், நிஜமாகவே தோல் வருகிற மாதிரி. இவர் வாயை மூடிக்கொண்டார்.

மூத்தவர்தான் பேசினார். "ரெண்டாவது அடியில சீக்கிரம் இறங்கிட்டே. இன்னும் கொஞ்சம் நிக்கணும்."

"சரிண்ணே."

"அடுத்த வாரம் யாரு வர்றது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "நான்தாண்ணே."

"வா. பூட்டுக் கடைக்காரனாம்! ஒரு சிமிழைத் திறக்கத் தெரியலை, பழகிட்டு வா." சொல்லிவிட்டு மூத்தவர் சிரித்தார். அக்காவிடம் திரும்பி, "அந்த நடக்கிற கம்பியைப் பிரி. படுத்துட்டே பாடினா மூச்சு நிக்க மாட்டேங்குது" என்றார். அக்கா கத்தரிக்கோல் தேடி உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்தது நான்.

திரும்பி வரும்போது இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். தையல்காரர் தன் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரேடியோ, வேலை முடிஞ்சுதா? வாய்யா, ஒரு விஷயம் கேக்கணும்!"

இவர் நிற்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தையல்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். சிமிழ் காலி என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.